எழுத்தும் ஓர் உதிரிபாகம்தான்

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டரைத் தாண்டிவிடும். ஓட்டுபவர் சாலையிலிருந்து கண்ணை எடுத்து, நடுவிலிருக்கும் திரையைப் பார்த்து, அதில் இருப்பதைப் படித்து, மறுபடி சாலைக்குத் திரும்ப இரண்டு நொடி ஆகிறது என்று வையுங்கள். 55 மீட்டரை அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் கார் நிறுவனங்களுக்குத் தந்த வழிகாட்டுதலில் அந்த இரண்டு நொடிதான் உச்சவரம்பு. ஒரு பார்வை அதைத் தாண்டக் கூடாது. திரையில் ஒரு வேலையை முடிக்க எல்லாப் பார்வைகளையும் கூட்டினாலும் 12 நொடிக்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் கால் நொடி, அரைக்கால் நொடியை மிச்சம் பிடிப்பதற்காக, 3 என்ற எண்ணின் வாயை எவ்வளவு திறந்து வைப்பது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். எழுத்துரு வடிவமைப்பாளர்கள். உலகின் பெரிய கார் நிறுவனங்களில் பலவும் இன்று தங்களுக்கென்று தனி எழுத்துருவை வரையவைத்து வைத்திருக்கின்றன. புதிதாக ஒன்று வெளியாகும்போதெல்லாம் கூடவே ஒரு பத்திரிகைச் செய்தியும் வரும். ‘எங்கள் பிராண்டின் குரல்’, ‘துணிச்சலும் மனிதத்தன்மையும் கலந்த வடிவம்’ என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். இரண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சமீபத்திய எழுத்துருக்களில் பலவற்றுக்கும் அதே கதிதான். ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன.

அப்படியானால் இதெல்லாம் வெறும் விளம்பரச் செலவா? இல்லை. காரணம் மட்டும் பத்திரிகைச் செய்தியில் சொல்வது அல்ல.

கையெழுத்திலிருந்து அச்செழுத்துக்கு

நீள்வட்டத்துக்குள் சுழித்துச் சுழித்து எழுதியிருக்குமே ஃபோர்டு என்ற பெயர், அதை எழுதியவர் சைல்டு ஹெரால்டு வில்ஸ். ஹென்றி ஃபோர்டிடம் தொடக்கத்திலிருந்தே வேலை பார்த்த பொறியாளர். சிறுவயதில் விசிட்டிங் கார்டு அச்சடித்துப் பழகியவர் என்றும், அந்தப் பழைய பாணியிலேயே கம்பெனியின் பெயரையும் எழுதிக் கொடுத்தார் என்றும் ஃபோர்டு வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நூறு வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. போனட்டின் முகப்பில் அந்தச் சுழிப்பு இன்னும் இருக்கிறது.

ஆனால் அது ஒரு பெயர், நாலே எழுத்து. எழுத்துரு என்பது வேறு வேலை. ஷோரூம் பெயர்ப்பலகை, செய்தித்தாள் விளம்பரம், சர்வீஸ் பில், வாரன்டி அட்டை, கதவோரம் ஒட்டியிருக்கும் டயர் காற்றழுத்த ஸ்டிக்கர் என்று எங்கே எதை எழுதினாலும் தாங்க வேண்டும். அதற்கு 26 எழுத்தும் 10 எண்ணும் மட்டும் போதாது. ஐரோப்பிய மொழிகளின் மேற்குறிகள், நாணயக் குறிகள், டிகிரி, சதவீதம், அம்புக்குறி எல்லாம் வேண்டும். இதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு எடை. மெலிந்தது, நடுத்தரம், தடித்தது என்று ஒவ்வொரு எடைக்கும் அத்தனையும் மறுபடி.

இவ்வளவு பாடுபட்டுச் சொந்த எழுத்துரு செய்யாமலே பேர் வாங்கியது ஃபோக்ஸ்வாகன். 1959-இல் நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சி அவர்களுக்காக ‘திங்க் ஸ்மால்’ விளம்பரத்தை உருவாக்கியபோது, கலை இயக்குநர் ஹெல்முட் க்ரோன் தலைப்புக்கு எடுத்துக்கொண்டது ஃபூச்சுரா. பால் ரென்னர் வரைந்து, 1927-இல் ஃபிராங்ஃபர்ட்டின் பாவர் எழுத்து வார்ப்பகம் வெளியிட்ட எழுத்துரு அது. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஃபோக்ஸ்வாகன் அதைப் பல பத்தாண்டுகள் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் வெள்ளை வெளி, நடுவே சின்னக் கார், கீழே ஃபூச்சுராவில் ஒரு வரி, வரி முடிவில் ஒரு முற்றுப்புள்ளி. லோகோவைக் கையால் மறைத்தாலும் யாருடைய விளம்பரம் என்று தெரிந்துவிடும். ஒரு கம்பெனிக்குச் சொந்த எழுத்துரு கட்டாயம் என்று வாதிடுகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த உதாரணத்தைத்தான்.

எதிர்த் திசையில் போனது மெர்சிடிஸ். போனதற்கு நியாயமும் இருந்தது. 1980-களின் நடுவில் மெர்சிடிஸின் தாய் நிறுவனமான டைம்லர்-பென்ஸ் வெறும் கார் கம்பெனியாக இல்லை. விமானம் செய்யும் டோர்னியே, எஞ்சின் செய்யும் எம்டியூ, மின்சாதனங்கள் செய்யும் ஏஇஜி எல்லாம் வரிசையாக அதன் குடைக்குள் வந்தன. சொகுசு கார், சரக்கு லாரி, விமானப் பாகம், வாஷிங் மெஷின் எல்லாம் ஒரே வீட்டிலிருந்து வருவது போல எழுத்தில் எப்படிக் காட்டுவது? பொறுப்பு கர்ட் வைடெமானிடம் வந்தது.

வைடெமானின் வாழ்க்கையே தனிக் கதை. 1922-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கிழக்கு முனையில் சண்டையிட்டு, சோவியத் சிறைபிடிப்பில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு, கிட்டத்தட்ட முப்பது வயதை நெருங்கும்போதுதான் லூபெக் நகரில் அச்சுக் கோக்கும் வேலை பழகினார். பிறகு ஸ்டுட்கார்ட் கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பேராசிரியரும் ஆனார். அச்சுத்தொழில் பத்திரிகை ஒன்றுக்குப் பல வருடம் ஆசிரியர். கைவிடப்பட்ட ரயில்வே சிக்னல் கேபினைத் தன் வேலைக்கூடமாக மாற்றிக்கொண்டார். ஜெர்மன் ரயில்வேயின் டிபி முத்திரையை 1990-களில் எளிமையாக்கித் தந்தவரும் அவர்தான். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த கைக்கு, எழுத்துக்கு நடுவிலிருக்கும் வெற்றிடம் எவ்வளவு முக்கியம் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அவர் வரைந்தது ஒன்றல்ல, மூன்று. கார்ப்பரேட் ஏ, கார்ப்பரேட் எஸ், கார்ப்பரேட் ஈ. முதலாவது புத்தகங்களில் வருவது போல நுனியில் மெல்லிய கொக்கி உள்ள அன்டிகுவா. இரண்டாவது கொக்கியில்லாத நேர்க்கோட்டு எழுத்து. மூன்றாவது கட்டையான கொக்கி வைத்த எகிப்ஷியன். மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. ஒரு வரியை ஏ-யில் கோத்து, நடுவில் ஒரே ஒரு வார்த்தையை எஸ்-இல் போட்டால் கண் இடறாது, உயரமும் கனமும் இசைந்து நிற்கும். இன்று ஒரே குடும்பத்தில் கொக்கி உள்ளதும் இல்லாததுமாகச் செய்வது சாதாரணம். அன்று இவ்வளவு முழுமையாகச் செய்தவர்கள் கொஞ்சம் பேர். வேடிக்கை என்னவென்றால், இந்த எழுத்துருக்கள் பிற்பாடு கடைச்சரக்காகவும் வந்துவிட்டன, காசு கொடுத்து வேறு யாரும் வாங்கலாம். அதனால் மெர்சிடிஸுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. வைடெமானின் எலும்புக்கூட்டில் வளர்ந்த எழுத்துக்களைத்தான் அது இன்றும் எம்பி கார்ப்போ என்ற பெயரில் வைத்திருக்கிறது.

ஆடி கதை கொஞ்சம் வேறு. 1997-இல் பெர்லினின் மெட்டாடிசைன் நிறுவனத்தில் ஓலே ஷேஃபர், அகலமாக நீட்டப்பட்ட யூனிவர்ஸ் எழுத்தை எடுத்துத் திருத்தி ஆடி சான்ஸ் என்று ஆக்கிக் கொடுத்தார். காரின் படுத்த உருவத்துக்கு அகல எழுத்து பொருத்தம்தான். வளைந்து போகும் சாலைப் படத்துக்கு அடியில் அகலமாக ஒரு வரி ஓடினால் கார் இன்னும் தாழ்ந்து, இன்னும் வேகமாகத் தெரியும். விளம்பரத் துறைக்குக் கொண்டாட்டம். பொத்தான் மேல் வார்த்தையை அச்சடிக்க வேண்டிய பொறியாளருக்குத்தான் திண்டாட்டம், அதுவும் ஜெர்மன் மொழியில்! குரூஸ் கன்ட்ரோலுக்கு ஜெர்மனில் கெஷ்விண்டிக்கைட்ஸ்ரேகெல்அன்லாகெ என்று பெயர். லத்தீனில் எண்ணினால் 27 எழுத்து. இதை அகல எழுத்தில் சின்னத் திரையில் போடச் சொன்னால் யார்தான் அழமாட்டார்கள்? 2009-இல், நிறுவனம் நூறு வயதைத் தொட்டபோது, போல்டு மண்டே என்ற டச்சு எழுத்து வார்ப்பகத்தின் கையால் புதிதாக ஆடி டைப் வந்தது.

பணமும் பார்வையும்

சொந்த எழுத்துருவுக்கான இரண்டு உண்மைக் காரணங்களில் முதலாவது கணக்குப் பிள்ளைக்குத்தான் நன்றாகப் புரியும். எழுத்துருவை வாங்குவது நாற்காலி வாங்குவது போல ஒருமுறை காசு கொடுத்து முடிகிற சமாசாரம் இல்லை. எத்தனை கணினி, இணையதளத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள், எத்தனை செயலி, எத்தனை சாதனத்துக்குள் பதிக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உரிமக் கட்டணம் வரும். ஒவ்வொரு காருக்குள்ளும் திரை, ஒவ்வொரு திரைக்குள்ளும் எழுத்துரு. வருடத்துக்கு லட்சக்கணக்கில் கார் விற்கும் கம்பெனிக்கு, ஒரு வார்ப்பகத்தைக் கூப்பிட்டு மொத்தமாக வரையச் சொல்வதே மலிவு. 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் தனக்கென்று எழுத்துரு செய்துகொண்டபோது, வருடத்துக்குப் பல மில்லியன் டாலர் உரிமக் கட்டணம் மிச்சம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ‘குரல்’ பற்றிப் பேசும் கார் நிறுவனங்கள் இந்தக் கணக்கை அவ்வளவு உரக்கப் பேசுவதில்லை.

இரண்டாவது காரணத்துக்கு இத்தாலியின் துரின் நகரம் வரை போக வேண்டும். அங்கே நெபியோலோ என்ற எழுத்து வார்ப்பகத்தில் ஆல்டோ நோவரேஸே 1962-இல் யூரோஸ்டைல் வரைந்தார். பழைய டெலிவிஷன் பெட்டியின் திரை போல, மூலை மழுங்கிய சதுரங்களாக இருக்கும் எழுத்து. பார்த்தாலே எதிர்கால வாசம் அடிக்கும். விண்வெளிப் படம் எடுப்பவர்களுக்கு உயிர். இதையும் இதன் உறவுக்கார எழுத்துகளையும் கார் டேஷ்போர்டுக்காரர்கள் ஆசை ஆசையாக எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்று பார்க்க அழகுதான். ஆனால் ஓடும் காரில் ஓரக்கண்ணால் பார்த்தால் அதன் எஸ்ஸும் 5-உம், ஓவும் டியும் எல்லாமே ஒரு பெட்டியாகத் தெரியும்.

2012-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஜ்லேப் ஆய்வகமும் மோனோடைப் எழுத்துரு நிறுவனமும் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தன. சிமுலேட்டரில் 36 முதல் 75 வயது வரையிலான ஆட்களை உட்கார வைத்து, திரையில் பட்டியல்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சிலநேரம் யூரோஸ்டைல், சிலநேரம் ஃபுருட்டிகர். இரண்டாவது, பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையப் பலகைகளுக்காக 1970-களில் ஆட்ரியன் ஃபுருட்டிகர் வரைந்த எழுத்திலிருந்து பிறந்தது. நடந்துகொண்டே, பெட்டியை இழுத்துக்கொண்டே, தூரத்திலிருந்து படிப்பதற்கென்றே ஆனது. ஆண்களிடம் ஃபுருட்டிகர், திரையைப் பார்க்கும் நேரத்தைச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைத்தது. நெடுஞ்சாலை வேகத்தில் அது ஏறக்குறைய 50 அடி தூரம். பெண்களிடம் அதே அளவு வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வுக்கு எழுத்துருக் கம்பெனியே பங்காளி என்பதால் கொஞ்சம் உப்பு சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும். ஆனாலும் எழுத்தின் வடிவம் பிரேக் தூரத்தின் அளவுக்கு வந்து நிற்கிறது என்பதைக் கார் பொறியாளர்கள் புரிந்துகொள்ளும் அலகிலேயே சொல்லிவிட்டார்கள். ‘அழகாக இருக்கிறது’ என்பதோடு பொறியாளரிடம் போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார். ‘50 அடி’ என்றால் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

3 எப்போது 8 ஆகும்?

ஒரு 3-ஐப் பெரிதாக எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் இரண்டு நுனிகள் இருக்கும். அவற்றை நடுவை நோக்கிச் சுருட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கண் அதை 8 என்று படிக்கத் தொடங்கும். வெயில் அடிக்கும் கண்ணாடி, அழுக்குத் திரை, குலுங்கும் சாலை எல்லாம் அந்தக் கட்டத்தைச் சீக்கிரமே வரவழைக்கும். 6, 9 இரண்டிலும் வாலை உள்ளே வளைத்தால் அவையும் 8-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஸ்பீடோமீட்டரில் 30-க்கும் 80-க்கும் குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. காருக்காக வரையப்படும் எழுத்துருவில் இந்த வாய்களை அகலத் திறந்துவைப்பார்கள். 1-க்கு மேலே கொடி கட்டாயம் வைப்பார்கள். ஆங்கிலப் பெரிய ஐயும் சின்ன எல்லும் 1-உம் மூன்று ஒரே கோடாக நிற்கக் கூடாது.

டிஜிட்டல் ஸ்பீடோமீட்டர் வந்தபின் இன்னொரு தொல்லை. அச்சில் 1-க்கு இடம் குறைவு, 8-க்கு அதிகம், அதுதான் அழகு. ஆனால் வேகம் 88-இலிருந்து 111-க்கு ஏறும்போது எண்கள் இடமும் வலமும் துள்ளினால் கண் தானாக அங்கே போகும். அசைவைத் துரத்துவது கண்ணின் குணம். அதனால் பத்து எண்களும் ஒரே அகலத்தில் உட்கார வேண்டும். பாவம், 1 மட்டும் பெரிய வீட்டில் தனியாகக் குடியிருப்பது போல இருக்கும். அதை அப்படித் தெரியாதபடி செய்வதில்தான் வரைபவரின் கைத்திறன்.

இரவு வேறு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒளி சிந்திக் கொஞ்சம் பருத்துத் தெரியும், உள்ளே இருக்கும் சின்ன வெளிகள் அடைபடும். பகலில் வெள்ளைத் திரையில் இருந்த அதே கறுப்பு எழுத்தை அப்படியே தலைகீழாக்கினால் தடிமன் கூடியது போலிருக்கும். ஆகவே இரவுக்கு ஒரு நூல் மெலிந்த எழுத்து. 2016-இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், அடோபி நான்கும் சேர்ந்து அறிவித்த வேரியபிள் ஃபான்ட் தொழில்நுட்பம் இதை எளிதாக்கியது. ஒரே கோப்புக்குள் மெலிவிலிருந்து தடிமன் வரை எல்லாம் இருக்கும், திரையின் வெளிச்சத்துக்கு ஏற்ப எழுத்தை இளைக்கவும் பருக்கவும் வைக்கலாம்.

அளவுக்கும் விதி இருக்கிறது. ஐஎஸ்ஓ 15008 என்ற சர்வதேசத் தரம், காருக்குள் எழுத்து எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லாமல், கண்ணில் அது எவ்வளவு கோணத்தைப் பிடிக்கிறது என்று கேட்கிறது. பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதில் 20 பங்கு இருந்தால் நல்லது, 12-க்குக் கீழே போகக் கூடாது. கண்ணுக்கும் திரைக்கும் 75 சென்டிமீட்டர் என்று கொண்டால், 20 பங்கு என்பது சுமார் 4.4 மில்லிமீட்டர் உயரம். ஓட்டுபவருக்கு நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்துவிட்டால் இந்த 75 சென்டிமீட்டர் ஒரு சங்கடமான தூரம். புத்தகம் படிக்கும் கண்ணாடிக்கு எட்டாது, தூரப்பார்வைக் கண்ணாடிக்குக் கிட்டாது. புதுக் கார் வாங்கும் வசதியுள்ளவர்களில் பாதிப் பேர் இந்த வயதுக்காரர்களாகத்தானே இருப்பார்கள்?

இந்தப் பாதையின் கடைசி நிறுத்தம் என்று வோல்வோவைச் சொல்லலாம். 2027-இல் நூறு வயதாகப்போகும் அந்நிறுவனம், லண்டனின் டால்ட்டன் மாக் வார்ப்பகத்தோடு சேர்ந்து வோல்வோ சென்டம் என்ற எழுத்துருவை 2025-இல் அறிவித்தது. முதலில் வருவது இஎக்ஸ்60 மின்சாரக் காரில். நெட்ஃபிளிக்ஸ் எழுத்துருவும் இதே வார்ப்பகத்தின் கைவண்ணம்தான். வோல்வோ இதை அழகுப் பொருளாக அறிமுகப்படுத்தவில்லை, பாதுகாப்பு அம்சமாகவே பேசியது. மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-இல் உலகுக்குத் தந்த கம்பெனி என்பதால் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் எடை உண்டு.

நம் எழுத்துக்கு வரும்போது

லத்தீன் எழுத்தை வரைந்து முடித்தால் பாதி வேலைகூட முடிந்ததாகாது. சீனாவில் விற்க வேண்டுமானால், அங்கே 1980-இல் வகுத்த அடிப்படைத் தொகுதியிலேயே 6,763 சீன எழுத்துகள். கொரிய மொழியில் அசைக்கட்டங்களாக எண்ணினால் 11,172. அரபியில் ஒரே எழுத்து சொல்லின் முதல், நடு, கடைசி என்று இடத்துக்கேற்ப உருமாறும். பெரிய சந்தைகள் என்பதால் கார் நிறுவனங்கள் இவற்றுக்கெல்லாம் பணம் ஒதுக்குகின்றன.

தமிழுக்கு? சென்னையைச் சுற்றிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனால்ட்டும் நிசானும், மஹிந்திரா சிட்டியில் பிஎம்டபிள்யூ. இவ்வளவு கார் இங்கே பிறக்கிறது. ஆடி மாதம் ஷோரூம் வாசலில் தொங்கும் தள்ளுபடி ஃபிளெக்ஸைப் பாருங்கள். காரின் பெயரும் ஆங்கில வாசகமும் கம்பெனி எழுத்துருவில் பளிச்சென்று இருக்கும். கீழே ‘அதிரடிச் சலுகை’ மட்டும் டிடிபி கடைக்காரர் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருக்கும் ஏதோ ஒரு எழுத்தில், நிழல் போட்டு, வெள்ளைக் கரை கட்டி நிற்கும். பெரிய நிறுவனத்தின் கையேடு வாசலோடு முடிந்துவிடுகிறது.

பேனர் போகட்டும். திரையில் வரும் தமிழுக்கு உண்மையான சிக்கல்கள் இருக்கின்றன, யாராவது உட்கார்ந்து தீர்க்க வேண்டியவை. முதலில் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்து 4 மில்லிமீட்டர் உயரம் என்றால் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர் இருந்தால் பெரிது. மேலே இடமில்லை என்று அதை எழுத்தோடு ஒட்டி வைத்துவிட்டால் குலுங்கும் காரில் காணாமல்போய், ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். அடுத்து, ரகரமும் துணைக்காலும். பல எழுத்துருக்களில் ரகரத்தின் அடியிலுள்ள சாய்கோடு அவ்வளவு சிறிது. திரை அளவில் இரண்டும் ஒன்றே. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடையில் ஒரு சின்ன இழுப்புதான் வேலி. லகர, ளகர, ழகரம் பரவாயில்லை. னகரமும் ணகரமும் சுழியை எண்ணித்தான் பிரிக்க வேண்டும், இரண்டு நொடிப் பார்வையில் சுழி எண்ண முடியுமா? இவற்றையெல்லாம் 3-இன் வாயைத் திறந்தது போலத் திறக்கலாம். ஏகாரத்தின் இழுப்பை நீட்டலாம், ரகரத்தின் காலைத் தைரியமாகச் சாய்க்கலாம், புள்ளியைப் பருக்க வைத்துக் கொஞ்சம் தூக்கலாம். தமிழில் நல்ல எழுத்துருக்கள் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நிறைய வந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் புத்தகம், கைபேசி, விளம்பரத்துக்கென வரைந்தவை.

அகலமும் ஒரு பிரச்சினை. ஆங்கிலத்தில் டிரிப்ளிகேன் என்பதற்குப் பத்து எழுத்து, அதில் ‘ஐ’யும் ‘எல்’லும் ஊசி மாதிரி. திருவல்லிக்கேணி என்று போட்டால் எழுத்து எண்ணிக்கை குறைவுதான், ஆனால் ‘ல்லி’யும் ‘ணி’யும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு அளந்து வெட்டிய கட்டத்தில் அது அடங்காது. மென்பொருள் என்ன செய்யும்? ஒன்று எழுத்தைச் சுருக்கிச் சின்னதாக்கும், இல்லாவிட்டால் வாலை வெட்டி மூன்று புள்ளி வைக்கும். ‘திருவல்லிக்…’, ‘திருவான்மி…’, ‘திருவொற்றி…’ என்று திரையில் வரிசையாக வந்தால் எந்தத் திருவுக்குத் திரும்புவது? இதற்கு வழி, குறுகலாக்கினாலும் சுழிகள் நசுங்காத ஒரு தமிழ் எழுத்துரு. அதை வரைய ஆள் இருக்கிறார்கள். கேட்டு, காசு கொடுக்கும் கார் கம்பெனிதான் வர வேண்டும்.